உலோகத்தின் கடினத்தை உரைக்கும் வைரமுனை

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

“இரும்பு கடினமானது, மெழுகு மென்மையானது” என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் “இரும்பு எவ்வளவு கடினமானது?” என்று யாராவது கேட்டால் நாம் சற்றுத் திகைத்துத்தான் போவோம். காய்ச்சலின் அளவைச் சொல்ல வெப்பமானி இருக்கிறது. காற்றின் அழுத்தத்தைச் சொல்லப் பாரமானி இருக்கிறது. பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டப் பால்மானி இருக்கிறது. அவ்வாறே ஒரு பொருளின் கடினத்தை எண்ணால் சொல்லும் கருவிகளும் உண்டு. அவற்றுள் மிகவும் நுட்பமானது நுண்கடினமானி. தலைமுடியின் பருமனே உள்ள மெல்லிய தகட்டையும், ஊசி முனையையும், பல்லின் மேல்பூச்சையும் சோதிக்க வல்லது இது. இந்த விந்தைக் கருவியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

கடினம் என்பது யாது?

கடினம் வேறு, வலிமை வேறு, உடையும் தன்மை வேறு. கண்ணாடி கடினமானது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கிப் போகும். ஈயம் மென்மையானது, சுத்தியால் அடித்தால் நசுங்குமே தவிர உடையாது. ஒரு பொருளின் மேல் வேறொரு பொருளை வைத்து அழுத்தும்போது, பள்ளம் விழ விடாமல் அது காட்டும் எதிர்ப்பையே பொறியியலில் கடினம் என்கிறார்கள்.

இதை நம் வீட்டுச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பூரிக்காகக் கெட்டியாகப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையும், தளரப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் தட்டையாக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோலிக்குண்டை வைத்து, அதன்மேல் ஒரே எடைக்கல்லைப் பத்து விநாடி தாங்கிப் பிடிப்போம். பிறகு எடுத்துப் பார்த்தால் கெட்டி மாவில் சிறிய குழியும் தளர்ந்த மாவில் பெரிய குழியும் இருக்கும். எடை ஒன்றே, கோலியும் ஒன்றே, நேரமும் ஒன்றே. ஆகவே குழியின் அளவு மாவின் தன்மையை மட்டுமே காட்டுகிறது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உள்ள கடினமானிகள் பெரும்பாலானவற்றின் தத்துவம் இவ்வளவுதான்!

கீறிப் பார்த்த காலம்

கடினத்தை அளக்க முதலில் தோன்றிய வழி கீறிப் பார்ப்பது. ஜெர்மனியைச் சேர்ந்த கனிமவியல் அறிஞர் பிரடெரிக் மோஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டில் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். முதலிடத்தில் மாக்கல், பிறகு ஜிப்சம், கால்சைட், புளூரைட், அபடைட், பெல்ஸ்பார், குவார்ட்ஸ், புஷ்பராகம், குருந்தம், பத்தாவதாக வைரம். மேல் எண் உள்ளது கீழ் எண் உள்ளதைக் கீறும். நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. ஆகவே அது மாக்கல்லையும் ஜிப்சத்தையும் கீறும், கால்சைட்டைக் கீறாது.

இந்த முறை எளிது. ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. இது வகுப்பில் முதல் மாணவி, இரண்டாம் மாணவி என்று வரிசை சொல்வது போன்றது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லாது. குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. ஒரு படிதானே வித்தியாசம் என்று எண்ணிவிடலாம். ஆனால் அழுத்திப் பார்க்கும் முறையில் அளந்தால் வைரம் குருந்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது!

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் நகையை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் கடினச் சோதனைதானோ? இல்லை. உரைகல்லில் படியும் கோட்டின் நிறத்தைக் கொண்டு பொன்னின் மாற்றை, அதாவது தூய்மையை அறிகிறார்கள். கடினத்தை அது காட்டாது. தூய பொன் மிக மென்மையானது. அதனால்தான் செம்பு, வெள்ளி முதலியவற்றைச் சிறிது சேர்த்து நகை செய்கிறார்கள்.

குண்டும் கூம்பும்

சுவீடன் நாட்டில் பாகெர்ஸ்டா என்னும் ஊரின் இரும்பாலையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜோஹான் ஆகஸ்ட் பிரினெல். 1900-ஆம் ஆண்டில் அவர் ஓர் எளிய முறையை வெளியிட்டார். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 3000 கிலோகிராம் பளுவுடன் உலோகத்தின் மேல் அழுத்துவது; பிறகு குழியின் விட்டத்தை அளப்பது. மாவும் கோலியும் போலத்தான்! எந்த இரும்பு எவ்வளவு கடினம் என்று எண்ணால் சொல்ல முடிந்ததால் ஆலைகள் இம்முறையை ஆவலுடன் ஏற்றுக்கொண்டன.

அமெரிக்காவில் குண்டுத் தாங்கிகள் செய்யும் தொழிலில் இருந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்னும் இருவர் 1914-இல் வேறொரு கருவிக்கு உரிமை கோரி விண்ணப்பித்தனர். இதில் குழியின் அகலத்துக்குப் பதிலாக முனை இறங்கிய ஆழத்தைக் கருவியே முகப்பில் காட்டிவிடும். விரைவாக வேலை முடியும்.

ஆனால் இரண்டு இடங்களில் இம்முறைகள் திணறின. முதலாவது, மிகக் கடினமான எஃகைச் சோதிக்கும்போது பிரினெலின் எஃகுக் குண்டே நசுங்கியது. அளக்கும் கோலே வளைந்தால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்? இரண்டாவது, பல மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி விழுவதால் மெல்லிய தகட்டையோ, சிறு ஊசியையோ சோதிக்க முடியவில்லை. தகட்டின் மேல் 3000 கிலோவை ஏற்றினால் தகடு கிழிந்தே போகும்!

136 பாகையின் கதை

முதல் சிக்கலுக்கு 1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விடை கிடைத்தது. விக்கர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்மித், ஜார்ஜ் சாண்ட்லண்ட் ஆகியோர் எஃகுக் குண்டை விலக்கிவிட்டு வைரத்தைக் கையில் எடுத்தனர். வைரத்தைச் சதுர அடி கொண்ட சிறு பிரமிடு வடிவில் பட்டை தீட்டினர். எகிப்து நாட்டுப் பிரமிடைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஆனால் இது மிகத் தட்டையான பிரமிடு. எதிரெதிர் முகங்களுக்கு இடையே உள்ள கோணம் 136 பாகை.

அது ஏன் சரியாக 136? இதில் நாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் முக்கோணவியல் ஒளிந்திருக்கிறது. பிரினெல் சோதனையில் நல்ல குழி என்பது குண்டின் விட்டத்தில் 0.25 பங்கு முதல் 0.5 பங்கு வரை அகலமுள்ளது. இரண்டின் சராசரி 0.375. இந்த அகலமுள்ள குழியின் இரு ஓரங்களிலும் குண்டுக்குத் தொடுகோடுகள் வரைவோம். சைன் மதிப்பு 0.375 ஆக உள்ள கோணம் ஏறக்குறைய 22 பாகை. ஆகவே தொடுகோடுகள் சந்திக்கும் கோணம் 180-இலிருந்து இருமுறை 22-ஐக் கழித்தால் வருவது, அதாவது 136 பாகை. பழைய பிரினெல் எண்களும் புதிய விக்கர்ஸ் எண்களும் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே இக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழையதை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், அதனோடு இணைத்தே புதியதைப் படைத்த அவர்களின் முன்யோசனையை என்னென்பது!

பிரமிடு வடிவத்தால் மற்றொரு நன்மையும் விளைந்தது. பளு சிறியதானாலும் பெரியதானாலும் பள்ளத்தின் வடிவம் ஒன்றே. அளவு மட்டுமே மாறும். ஆகவே ஈயம் முதல் வைரம் வரை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் எழுத முடிந்தது. இந்த அளவுகோலில் தூய பொன் சுமார் 25, சாதாரண மென்எஃகு 120 முதல் 150 வரை, தோய்த்துக் கடினமாக்கிய கருவி எஃகு 700 முதல் 900 வரை, டங்ஸ்டன் கார்பைடு 1500 அளவில் இருக்கும்.

பளுவைக் குறைத்தால் நுண்கடினமானி

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். பளுவை மிகவும் குறைத்துவிட்டால் பள்ளமும் மிகச் சிறியதாகிவிடும் அல்லவா? கிலோகிராம் கணக்கில் அழுத்தாமல் கிராம் கணக்கில் அழுத்துவதே நுண்கடினச் சோதனை. பொதுவாக 1 கிராம் முதல் 1000 கிராம் வரை பளு வைப்பார்கள். விழும் பள்ளம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நுண்ணோக்கியின் துணை வேண்டும். சுருங்கச் சொன்னால், நுண்கடினமானி என்பது ஒரு நுண்ணோக்கியும் ஒரு வைரமுனையும் ஒரே தூணில் இணைந்த கருவி.

கனமான அடித்தளத்தின் மேல் ஒரு மேடை இருக்கும். அதைத் திருகுகளைக் கொண்டு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மிக மெதுவாக நகர்த்தலாம். மேலே சுழலும் தலை ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் நுண்ணோக்கியின் லென்சு, மறுபக்கம் வைரமுனை. முதலில் லென்சின் வழியே பார்த்து, சோதிக்க வேண்டிய புள்ளியை நடுவில் நிறுத்துவார்கள். பிறகு தலையைச் சுழற்றினால் அதே புள்ளிக்கு நேர் மேலே வைரமுனை வந்து நிற்கும். பொத்தானை அழுத்தியதும் முனை மெல்ல இறங்கும். அதிர்ச்சியோடு விழுந்தால் பள்ளம் பெரிதாகிவிடும் என்பதால் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஓர் அமைப்பு உண்டு. 10 முதல் 15 விநாடி வரை பளு நிற்கும். பின் முனை மேலே எழும். மீண்டும் லென்சைச் சுழற்றிக் கொண்டுவந்து பார்த்தால், பளபளக்கும் உலோகப் பரப்பில் கரிய சதுரம் ஒன்று நான்கு மூலைகளோடு தெரியும். நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும்போது அது கோலத்தில் வைத்த சிறு கட்டம் போல அழகாக இருக்கும்!

கணக்கு ஒன்று

இனி அந்தச் சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். கிலோகிராமில் உள்ள பளுவை 1.8544-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விக்கர்ஸ் எண் கிடைக்கும். 1.8544 எங்கிருந்து வந்தது? 136-இல் பாதி 68. சைன் 68 பாகையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அதே எண் வரும். பளுவைப் பள்ளத்தின் நான்கு சாய்ந்த முகங்களின் மொத்தப் பரப்பால் வகுக்கிறோம் என்பதே இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. பளு 100 கிராம், அதாவது 0.1 கிலோகிராம். மூலைவிட்டம் 30 மைக்ரான், அதாவது 0.030 மில்லிமீட்டர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.1-ஐ 1.8544-ஆல் பெருக்கினால் 0.18544. இதை 0.0009-ஆல் வகுத்தால் 206. ஆகவே இந்த உலோகத்தின் கடினம் 206. எந்தப் பளுவில் அளந்தோம் என்பதையும் உடன் எழுத வேண்டும். “206 எச்.வி. 0.1” என்று எழுதுவது மரபு. மிகக் குறைந்த பளுவில் எண்கள் சற்று மாறுபடுவதுண்டு. எனவே பளுவைக் குறிப்பிடாத எண்ணை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 30 மைக்ரான் என்பதைக் கண் தடுமாறி 31 என்று வாசித்துவிட்டால் விடை 193 ஆகிவிடும். ஒரே ஒரு மைக்ரான் பிழையால் 13 எண்கள் குறைகின்றன! அதே உலோகத்தை 10 கிராம் பளுவில் சோதித்தால் மூலைவிட்டம் சுமார் ஒன்பதரை மைக்ரான்தான் இருக்கும். அங்கே அதே ஒரு மைக்ரான் தவறினால் 206 என்பது 168 ஆகிவிடும். பள்ளம் சிறியதாகச் சிறியதாகப் பிழை பெரியதாகிறது. ஆகவே, பொருள் எவ்வளவு பளுவைத் தாங்குமோ அவ்வளவு பளுவை வைப்பதே நல்லது என்பது இக்கலையின் முதல் விதி.

எவ்வளவு மெல்லிய தகட்டைச் சோதிக்கலாம்?

விக்கர்ஸ் பள்ளத்தின் ஆழம் அதன் மூலைவிட்டத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நம் கணக்கில் 30-ஐ ஏழால் வகுத்தால் சுமார் 4.3 மைக்ரான். பொருளின் பருமன் இந்த ஆழத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அதாவது 43 மைக்ரான். அதற்கும் மெல்லியதாக இருந்தால், அடியில் உள்ள பொருளின் கடினமும் சேர்ந்து கலந்துவிடும். மெல்லிய பாயை விரித்துத் தரையில் படுத்தால் பாயின் மென்மையா தெரியும், தரையின் கடினமல்லவா தெரியும்! அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் இன்னும் மெல்லிய பூச்சுகளுக்கு என்ன செய்வது? 1939-இல் அமெரிக்காவின் தேசிய அளவைக் கழகத்தில் பிரடெரிக் நூப் என்பவரும் பீட்டர்ஸ், எமர்சன் என்னும் இரு தோழர்களும் இதற்கு விடை கண்டார்கள். வைரத்தைச் சதுரமாக இல்லாமல் நீண்ட சாய்சதுரமாகப் பட்டை தீட்டினார்கள். இதன் பள்ளம் நெற்பொரியைப் போல் நீண்டு ஒடுங்கியிருக்கும். நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆழமோ நீளத்தில் முப்பதில் ஒரு பங்குதான்.

மேலே சொன்ன அதே உலோகத்தை அதே 100 கிராமில் நூப் முனையால் அழுத்தினால், பள்ளத்தின் நீளம் சுமார் 83 மைக்ரான், ஆழம் மூன்று மைக்ரானுக்கும் குறைவு. அளக்க வேண்டிய கோடு நீண்டுவிட்டது, ஆழமோ குறைந்துவிட்டது. நீளமாக இருப்பதால் வாசிக்கும் பிழை குறைகிறது. ஆழம் குறைவதால் மெல்லிய பூச்சும் தாங்குகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! கண்ணாடி, பீங்கான் போன்ற எளிதில் விரிசல் விடும் பொருள்களுக்கும் இம்முனை மிகவும் ஏற்றது.

மாதிரியைத் தயார் செய்தல்

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பார்கள். ஆனால் அந்த ஒரு சோற்றைச் சரியாக எடுக்க வேண்டுமே! சோதிக்க வேண்டிய பொருளிலிருந்து சிறு துண்டை, சூடேறாதபடி நீர் ஊற்றி வெட்டுவார்கள். அதைப் பேக்கலைட்டு போன்ற பொருளில் பதித்து உருண்டையான கட்டையாக்குவார்கள். பிறகு உப்புத்தாளில் தேய்ப்பார்கள். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு படிப்படியாக நைசான தாள். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைக் கால்வட்டம் திருப்பித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய தாளின் கீறல்கள் முழுவதும் மறைந்தனவா என்று தெரியும். இறுதியில் மெத்தென்ற துணியின் மேல் அலுமினா அல்லது வைரப் பொடியைக் கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள்.

இதில் அவசரப்பட்டால் ஆபத்து. அழுத்தித் தேய்த்தால் உலோகத்தின் மேற்பரப்பே நசுங்கி இறுகிவிடும். அப்போது கருவி உலோகத்தின் கடினத்தைச் சொல்லாது; நாம் தேய்த்த தேய்ப்பின் கடினத்தையே சொல்லும். பரப்பு சாய்ந்திருந்தால் சதுரம் கோணலாகும். பள்ளத்தை ஓரத்துக்கு மிக அருகில் போட்டால் ஓரம் பிதுங்கும். ஆகவே மூலைவிட்டத்தைப் போல் இரண்டரை மடங்காவது தள்ளிப் போட வேண்டும். பக்கத்துப் பள்ளத்தோடும் போதிய இடைவெளி வேண்டும். கருவி இருக்கும் அறை அதிரக் கூடாது. பக்கத்துச் சாலையில் லாரி போனாலும் சிறு பளுவில் எடுத்த அளவு கெட்டுவிடும்! வேலையைத் தொடங்கும் முன், கடினம் முன்பே தெரிந்த ஒரு நிர்ணயக் கட்டையில் அழுத்திப் பார்த்து, கருவி உண்மை பேசுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

உயிர் காக்கும் எண்கள்

இவ்வளவு பாடுபட்டு இந்த எண்ணை அறிவதால் என்ன பயன்? மலைப்பாதையில் ஏறும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். அதன் பற்சக்கரங்களின் ஒவ்வொரு பல்லும் இடைவிடாது உராய்கிறது. ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறது. உராய்வைத் தாங்கப் பல் கடினமாக இருக்க வேண்டும். அடியைத் தாங்க அது வளைந்து கொடுக்க வேண்டும். முழுவதும் கடினமாக்கினால் கண்ணாடி போல் உடையும். முழுவதும் மென்மையாக விட்டால் சீக்கிரம் தேய்ந்து போகும்.

இதற்கு உலோகவியலார் கண்ட வழி வியப்பானது. குறைந்த கரியுள்ள எஃகில் சக்கரத்தைச் செய்து, 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் கரி மிகுந்த வாயுவினூடே மணிக்கணக்கில் வைக்கிறார்கள். கரி மேல்தோலுக்குள் மட்டும் ஊறுகிறது. பின்னர் எண்ணெயில் தோய்க்கிறார்கள். கொல்லர் அரிவாளைக் காய்ச்சி நீரில் தோய்ப்பது போலத்தான். இப்போது மேல்தோல் வைரம் பாய்ந்தது போலக் கடினமாகிறது; உட்பகுதி வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கிறது. பலாப்பழத்துக்கு வெளியே முரடு, உள்ளே மென்மை என்பது போல!

அந்தத் தோல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அது மிக மெல்லியதாகிவிட்டால் உரிந்து போகும். மிகத் தடித்துவிட்டால் பல்லே முறியும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சக்கரமும் ஒன்று போலப் பளபளக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? இங்கேதான் நுண்கடினமானி வருகிறது. மாதிரிப் பல் ஒன்றைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி, ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசையாகப் பள்ளங்களைப் போடுகிறார்கள். ஓரத்தில் 700, இன்னும் உள்ளே 650, 600 என்று எண்கள் இறங்கிக்கொண்டே போகும். விக்கர்ஸ் எண் 550-க்கு இறங்கும் ஆழத்தையே கடினத் தோலின் ஆழம் என்று கணக்கிடுகிறார்கள். வரைபடத்தாளில் குறித்தால் மலைச்சரிவு போன்ற ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அந்தச் சூளையில் வெந்த சக்கரங்களை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்கிறார்கள்.

இங்கே ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். நுண்ணோக்கியில் குனிந்து அளவை வாசிப்பவர், “எப்படியோ தேறினால் சரி” என்று எண்ணி, கோட்டை ஒரு மைக்ரான் குறைத்து வாசித்துவிட்டால் எண் உயர்ந்துவிடும். தள்ள வேண்டிய சக்கரம் தேறிவிடும். யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சக்கரம் பொருத்திய வண்டியில் எங்கோ ஒரு நாள், யாரோ ஒரு தாயும் குழந்தையும் பயணம் செய்வார்கள். அந்த ஒரு மைக்ரானில் அவர்களுடைய உயிர் இருக்கிறது.

இன்னும் சில பயன்கள்

பற்றவைத்த இணைப்பின் அருகே உள்ள எஃகு சூடேறிக் குளிரும்போது அளவுக்கு மீறிக் கடினமாகி விரிசல் விடலாம். அந்தக் குறுகிய பட்டையைப் புள்ளி புள்ளியாகச் சோதிக்க இக்கருவி உதவுகிறது. எஃகைச் சிறிது அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் பலவகை மணிகள் தெரியும். ஒவ்வொரு மணியின் மேலும் தனித்தனியே பள்ளம் போட்டு எது கடினம், எது மென்மை என்று பிரித்தறியலாம். இயந்திர உறுப்புகளின் மேல் பூசும் கடினக் குரோமியப் பூச்சு 800 முதல் 1000 வரை காட்டும். அடியில் உள்ள எஃகோ அதில் பாதிகூட இராது.

நம் வாயிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. பல்லின் மேல்பூச்சான எனாமல், நூப் அளவில் சுமார் 340. அதற்கு உள்ளே இருக்கும் பல்திசு ஏறக்குறைய 70. பற்சக்கரத்தில் மனிதன் முயன்று செய்ததை, பல்லில் இறைவன் முன்பே செய்து வைத்திருக்கிறார்! பல்லை அடைக்கும் பொருள்களின் கடினத்தையும் ஆராய்ச்சியாளர்கள் இக்கருவியால்தான் சோதிக்கிறார்கள். அடைப்பு மிகக் கடினமாக இருந்தால் எதிர்ப் பல் தேயும். மென்மையாக இருந்தால் அடைப்பே தேயும்.

அண்மைக்கால வளர்ச்சி

இப்போது ஆய்வுக்கூடங்களில் புகைப்படக் கருவியும் கணிப்பொறியும் இணைந்த கடினமானிகள் வந்துவிட்டன. மேடை தானே நகர்கிறது; பள்ளம் தானே விழுகிறது; மூலைவிட்டத்தைக் கணிப்பொறியே அளக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளத்தைப் பார்க்காமலேயே கடினத்தை அறியும் முறையும் உண்டு. வைரமுனை இறங்கும்போதும் ஏறும்போதும் பளுவையும் ஆழத்தையும் இடைவிடாது பதிவு செய்து கணக்கிடுவது இம்முறை. 1992-இல் ஆலிவர், பார் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கான கணக்கு முறையைச் செம்மைப்படுத்தினர். ரஷ்ய அறிஞர் பெர்கோவிச் வகுத்த முப்பட்டை வைரமுனையே இதில் பெரிதும் பயன்படுகிறது. மூன்று பட்டைகள் எப்போதும் ஒரே புள்ளியில் சந்திக்கும். நான்கு பட்டைகளை அவ்வாறு ஒரே புள்ளியில் கூட்டுவது கடினம். அதனால்தான் மிக நுண்ணிய வேலைக்கு மூன்று பட்டை. மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் கணக்கில் இங்கே ஆழத்தை அளக்கிறார்கள்.

நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் 1950-இல் திறக்கப்பட்ட தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம் உலோக ஆராய்ச்சியில் புகழ்பெற்றது. நம் சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் உலோகவியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. பொறுமையும் கூர்மையான கண்ணும் வேண்டும் இப்பணிக்கு, ஊசியில் நூல் கோத்துப் பூவேலை செய்து பழகிய நாமும் தகுதியானவர்களே என்பதை மாணவியர் மறக்கலாகாது.

முடிவுரை

கடினமானி நமக்குச் சில பாடங்களைச் சொல்லாமல் சொல்கிறது. மின்னுவதெல்லாம் உறுதியல்ல, மேற்பரப்பின் பளபளப்பைக் கொண்டு உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது. முழுவதும் கடினமாக இருப்பதும் உறுதியல்ல. வெளியே உறுதியும் உள்ளே வளைந்து கொடுக்கும் இயல்பும் சேர்ந்திருப்பதே உண்மையான வலிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், மாதிரியைத் தயார் செய்யும் கையும் அளவை வாசிக்கும் கண்ணும் நேர்மையாக இருந்தால்தான் அது உண்மை பேசும். நாம் நாளை ஆய்வுக்கூடத்தில் நின்றாலும், அலுவலகத்தில் அமர்ந்தாலும், அடுக்களையில் இருந்தாலும், யாரும் பார்க்காத அந்த ஒரு மைக்ரானைச் சரியாக வாசிப்போமாக!